காணாமல் போன ரத்தப் பெட்டி

நான்கு பெட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. வேன் ஓட்டுநர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கதவுக்குப் பின்னால்கூடத் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு மண்டபத்துக்குள் வந்து, சூப் குடித்துக்கொண்டிருந்த சோலேன் ரூசேயின் காதருகே குனிந்து சொன்னார். மோன்ரிவியே என்ற அந்த மலையூரின் காவல் நிலையத் தலைமை அதிகாரி அவள். அன்றைக்குச் சீருடையில் இல்லை. ஊரோடு ஊராக ரத்தம் கொடுக்க வந்திருந்தாள்.

மணி ஆறு நாற்பது. ஏழரைக்குள் வேன் மலையிறங்கக் கிளம்பியாக வேண்டும். இல்லாவிட்டால் காணாமல் போன பெட்டியில் இருக்கும் இருபது பேருடைய ரத்தமும் கெட்டு, குப்பைக்குத்தான் போகும்.

சோலேன் கரண்டியைக் கீழே வைத்தாள். பணத்தைத் திருடுவார்கள், டிராக்டரைத் திருடுவார்கள், போன வருஷம் ஒருத்தன் சர்ச் மணியையே திருடப் பார்த்தான். ரத்தத்தை எவன் திருடுவான்?

மோன்ரிவியேயில் ரத்ததான நாள் என்றால் பாதித் திருவிழா மாதிரி. ஊர் மண்டபத்தின் ஒரு பக்கம் கட்டில்கள், டாக்டர் உட்கார்ந்து கேள்வி கேட்கத் துணித்தடுப்பு. மறுபக்கம் நீள மேசை. தரை வரை தொங்கும் வெள்ளை விரிப்பு. ரத்தம் கொடுப்போர் சங்கம் போடும் சாப்பாடு: சூப், புகை போட்ட சாஸேஜ், சீஸ், வால்நட் கேக், ஆளுக்கு அரை டம்ளர் சிவப்பு வைன். கொடுத்துவிட்டு வருகிறவர்கள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, ஊசி குத்தின இடத்துக் கட்டுத் தெரிய உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அந்த மேசையில் உட்காரும் தைரியம் யாருக்கும் கிடையாது. சளி, இரும்புச்சத்து போதவில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பியவர்கள் மேசைப் பக்கம் திரும்பாமல் நேரே வாசலுக்குப் போவார்கள். மறுநாள் ரொட்டிக் கடையில் யாராவது, “என்ன, உன் ரத்தம் வேணாம்னுட்டாங்களாமே?” என்று கேட்காமல் விட மாட்டார்கள். நல்ல ஊர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அன்றைக்கு விசேஷம் வேறு. சங்கத் தலைவர் லெயோன்ஸ் கொர்தியேவுக்கு அது நூறாவது தடவை. சீஸ் ஆலையை முப்பது வருஷம் நடத்தி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஊரில் அவருக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லாதவர்கள் இல்லை. மேயர் ஒரு பாராட்டுப் பலகை செய்து கொண்டுவந்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் காமிராவோடு வந்திருந்தாள்.

சோலேன் கட்டிலிலிருந்து எழுந்து மேசைக்கு வந்தபோது கேலி நடந்துகொண்டிருந்தது. பத்து வருஷமாக வழுக்கையை மூடிக்கொண்டிருந்த தொப்பி வேனிற்காலத்திலிருந்து காணோம், தலைவர் தலையில் பூனைமுடி மாதிரி என்னவோ முளைத்திருக்கிறது என்று இரண்டு கிழவர்கள் மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சூப் ஊற்றிக்கொண்டிருந்த ஓதில் அந்தப் பக்கம் பார்க்காமல் சிரித்தாள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவளும் தனியாகத்தான் இருந்தாள். இந்த இரண்டு பேரும் எப்போது ஒரே வீட்டுக்குப் போவார்கள் என்பதுதான் ஊரில் ஆறு மாதமாகப் பேச்சு. லெயோன்ஸ் கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, சூப் அடுப்புக்குப் பக்கத்தில், முகம் வியர்க்க உட்கார்ந்திருந்தார். காமிராப் பெண் கட்டுத் தெரிய ஒரு படம் கேட்டதற்கு, “கோட்டோட எடும்மா. அதுதான் மரியாதை” என்றுவிட்டார். என்ன நாகரிகமான மனுஷர் என்று சோலேன் நினைத்துக்கொண்டாள்.

ஓதில் அவளுக்கு சூப் ஊற்றும்போது குரலைத் தாழ்த்தித் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். ஆறு மாதக் கர்ப்பம், ஸ்கேனில் பார்த்ததில் ஆண் குழந்தை. திங்கட்கிழமை திடீரென்று ரத்தப்போக்கு. நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. இரண்டு பை ஏற்றியிருக்கிறார்கள், இன்னும் ஏற்ற வேண்டி வருமாம்.

“எந்த ஊர்ப் புண்ணியவான் குடுத்ததோ, அது இல்லன்னா என் புள்ள இன்னிக்கு இல்ல” என்றாள். “லெயோன்ஸ்கிட்டயும் இதத்தான் சொல்லிட்டிருந்தேன். பாதியிலேயே எழுந்து பெட்டி தூக்கப் போயிட்டாரு. ஆம்பளைங்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு ஆகாது.”

அது நடந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது பெட்டியைக் காணோம்.

சோலேன் பின்பக்க நடைக்குப் போனாள். மண்டபத்தையும் சமையலறையையும் சேர்க்கும் குறுகலான நடை. கடைசியில் முற்றத்துக்குத் திறக்கும் கதவு. கதவோரம்தான் ரத்தப் பெட்டிகளை அடுக்குவார்கள். தான் முற்றத்திலேயே நின்றதாகவும், காபி குடிக்க மட்டும் பத்து நிமிஷம் உள்ளே வந்ததாகவும் ஓட்டுநர் சொன்னார். பெட்டி எப்படி இருக்கும் என்று கேட்டாள். சாதாரணக் குளிர்பெட்டிதான், சங்கத்துக்காரர்கள் சாஸேஜ் கொண்டுவருகிற மாதிரியே, மூடிமேல் மட்டும் சிவப்பு நாடா ஒட்டி முத்திரை வைத்திருக்கும் என்றார்.

நடையில் காலி வைன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் டிலான் உட்கார்ந்திருந்தான். மர ஆலையில் வேலை பார்க்கும் இருபது வயதுப் பையன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மொபெட்டைத் திருடிக்கொண்டு போய், மலைத் திருப்பத்தில் விழுந்து படுகாயப்பட்டவன். மீட்டவள் சோலேன். வழக்குப் போட்டவளும் அவள்தான். இனி ஒரு தப்பு செய்தால் ஆலை முதலாளி வைத்துக்கொள்ள மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அவனுக்கும் தெரியும்.

அவன் சட்டைக் கை மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. சோலேன் முதலில் பார்த்தது அதைத்தான்.

“இங்க என்ன பண்றே?”

“உக்காந்திருக்கேன்.”

“உள்ள சாப்பாடு இருக்கே?”

“பசிக்கல.”

“எவ்வளவு நேரமா இருக்கே?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

“இந்தப் பக்கம் யாரெல்லாம் வந்தாங்க?”

“யாரும் வரல. சமையல்கட்டு ஆளுங்கதான் சாப்பாட்டுப் பெட்டியத் தூக்கிட்டுப் போய் வந்துட்டிருந்தாங்க.”

“ரத்தப் பெட்டிய யாரும் தொடல?”

“நான் பாக்கல மேடம். செவுத்தப் பாத்து உக்காந்திருந்தேன்.”

“ஒரு மணி நேரம் செவுத்தப் பாத்து உக்காந்திருந்தியா? ரத்தம் குடுத்தியா இல்லையா?”

அவன் காது மடல் சிவந்துபோயிற்று. குற்றவாளிக்குத்தான் காது அப்படிச் சிவக்கும் என்று பதினைந்து வருஷ வேலையில் அவள் தெரிந்துவைத்திருந்தாள். அப்படியொன்றும் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது, பாவம்.

அவன் வண்டி முற்றத்தில் வேனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தது. சாவியை வாங்கித் திறந்தாள். அதற்குள் மண்டபம் மொத்தமும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. அவனுடைய வேலைப் பையை எடுத்து எல்லோர் முன்னாலும் தரையில் கொட்டினாள். ரம்பச் சங்கிலி, கையுறை, மதியம் மிச்சம் வைத்த ரொட்டி, ரப்பர் காலணி. பெட்டி இல்லை. யாரோ பின்னாலிருந்து மொபெட் என்று முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“உள்ள வா” என்றாள் சோலேன். மண்டபத்து நடுவில், விளக்குக்குக் கீழே நிறுத்தினாள். “ரெண்டு சட்டைக் கையையும் மடி.”

அவன் மடித்தான். இரண்டு கையிலும் ஊசி குத்தின தடம் இல்லை.

“குடுக்க வரல. சாப்பிட வரல. அப்ப எதுக்கு வந்தே?”

டாக்டரம்மா துணித்தடுப்பை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். அவன் சம்மதிக்காமல் தன்னால் காரணத்தைச் சொல்ல முடியாது என்றும், இப்படி நிற்க வைத்துக் கேட்பது முறையில்லை என்றும் சொன்னாள். டிலான் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“குடுக்கத்தான் மேடம் வந்தேன். மூணு வருஷமா வரணும் வரணும்னு நெனச்சு இன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு. அன்னிக்கு எனக்கு ஏழு பை ரத்தம் ஏத்துனாங்க. ஏத்திக்கிட்டவன் குடுக்கக் கூடாதாம். எப்பவுமே கூடாதாம். எனக்கு அது தெரியாது. இத்தனை பேரும் கையை மடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க, உங்க நடுவுல எப்படிப் போறதுன்னு தெரியல. எல்லாரும் போனப்புறம் போலாம்னு அங்க உக்காந்தேன். அவ்வளவுதான்.”

சாஸேஜ் மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

அன்றைக்கு மலைத் திருப்பத்தில் அவன் தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போனவளே சோலேன்தான். அவள் சீருடை முழுக்க அவன் ரத்தம். அத்தனை ரத்தம் போனவன் எப்படிப் பிழைத்தான் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவன் திருடினது ஞாபகம் இருந்தது. பிழைத்தது ஞாபகமில்லை. சே, என்ன மனுஷி நான் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள் நின்றாள். இவனை எதை வைத்துப் பிடித்தோம்? சட்டைக் கை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். சட்டைக் கை இறங்கியிருந்த இன்னொரு ஆளும் இந்த மண்டபத்தில் உண்டே. அங்கே அதற்குப் பெயர் மரியாதை.

அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். லெயோன்ஸ் கொர்தியே மட்டும் முற்றத்துக்கு வரவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனபோது அவர் மட்டும் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. கோட்டின் முதல் பொத்தான்கூட அவிழவில்லை. நெற்றி வியர்வை கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

மணி ஏழு. சோலேன் அவரிடம் போய், சமையலறைக்கு ஒரு நிமிஷம் வர முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டாள். எழுந்து வந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

“கோட்டைக் கழட்டுங்க.”

“ஏம்மா சோலேன், என்ன இது?”

“நூறு தடவை குடுத்த மனுஷன், நூறாவது தடவை போட்ட கட்டை ஊருக்குக் காட்ட மாட்டேங்கறாரு. அடுப்புப் பக்கத்துல கம்பளிக் கோட்டு. குடுத்த கையால பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்புவாங்க. தூக்குனா என்ன ஆகும்னு உங்களுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும்.”

அவர் கோட்டின் கழுத்துப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“யாரும் வரல, சமையல்கட்டு ஆளுங்கதான் வந்தாங்கன்னு அந்தப் பையன் சொன்னான். நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன். இந்த மண்டபத்துல நீங்க குளிர்பெட்டியோட நடந்தா எவன் திரும்பிப் பாப்பான்? இருபது வருஷமா நீங்கதானே தூக்கறீங்க. பெட்டி எங்கயும் போகல. மேசைக்கு அடியில, விரிப்புக்குப் பின்னால, மத்த பெட்டிங்களோட உங்க காலடியில இருக்கு. காலிப் பெட்டிங்களோட அதையும் உங்க வண்டியில ஏத்திட்டுப் போறதா இருந்தீங்க. சரியா?”

லெயோன்ஸ் கோட்டைக் கழற்றினார். உள்சட்டையின் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது.

“ஏன்னு மட்டும் எனக்குப் பிடிபடல” என்றாள் சோலேன். “ஓதில் அவங்க பொண்ணைப் பத்திச் சொன்ன உடனேதான் எழுந்து போயிருக்கீங்க. உங்க ரத்தத்துல என்ன?”

அவர் தலையைத் தொட்டுக் காட்டினார். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு அந்தப் பூனைமுடியைப் பார்த்தாள்.

மே மாதத்திலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாராம். முடி வளர. அறுபத்தைந்து வயதில், ஓதிலுக்காக. அந்த மாத்திரையின் தூளைக்கூடக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, வயிற்றில் இருக்கும் ஆண் பிள்ளைக்கு ஆகாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. நிறுத்தி ஒரு மாதம் பொறுத்துவிட்டு ரத்தம் கொடுத்தால் ஒன்றுமில்லை. அதுவும் அவருக்குத் தெரியும். வருகிற எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிற தலைவர் அவர்தானே. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது, துணித்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓதிலின் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்றுவிட்டார். பலகை தயார், மேயர் தயார், படம் எடுப்பவள் தயார். ஒரு பைதானே, யாருக்கோ போகும், எல்லோரும் கர்ப்பிணியா என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பிறகு ஓதில் வந்து மகளைப் பற்றிச் சொன்னாள்.

“டாக்டர்கிட்ட ரகசியமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே. உங்க பைய மட்டும் எடுத்துப் போட்டிருப்பாங்க.”

“என் பை இருந்த பெட்டிக்கு முத்திரை வெச்சிட்டாங்க சோலேன். எல்லார் முன்னாடியும் பிரிக்கணும். நூறாவது பைய ஏன் எடுக்கறாங்கன்னு கேப்பாங்களே.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பொண்ணுக்கு மட்டும் போயிடக் கூடாதுன்னுதான் தூக்குனேன். சத்தியமா.”

“மத்தப் பத்தொன்பது பேரோடது?”

அவர் கோட்டைச் சுருட்டி, ரத்தம் படிந்த கையின்மேல் போட்டு மூடினார்.

“அந்தப் பையன நான் நடுவுல நிக்க வெச்சப்ப, நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?”

“ஆமா” என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பெட்டி தப்பா மாறிப் போச்சுன்னு சொல்லிடலாம்மா. அடியில கெடந்துச்சுன்னு. டாக்டர்கிட்ட நான் தனியாச் சொல்லிடறேன். யாருக்கும் நஷ்டமில்ல.”

அந்த யோசனை ஒரு கணம் அவளுக்கும் நன்றாகத்தான் பட்டது. அதை நினைத்து அவள் பிற்பாடு வெகுநாள் வெட்கப்பட்டாள். பெரிய மனுஷர், இதைவிட்டால் ஒரு குறை கிடையாது. ஆனால் பெட்டி எப்படிக் காணாமல் போனது என்று ஊர் ஒரு காரணம் தேடும். அந்தக் காரணத்துக்கு டிலான் என்று பெயர் வைத்துவிடும், சாகும்வரை.

“அவன எங்க வெச்சுச் சட்டைய மடிக்கச் சொன்னேன்?” என்று கேட்டாள். “உங்களை மட்டும் ஏன் சமையல்கட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல. வாங்க, அங்க போய்ப் பேசலாம்.”

லெயோன்ஸ் கோட்டில்லாமல் வந்தார். ரத்தம் காய்ந்த அந்தச் சட்டையை எல்லோரும் பார்த்தார்கள். அவரே மேசை விரிப்பைத் தூக்கி, சிவப்பு நாடா ஒட்டிய பெட்டியை வெளியே இழுத்தார். சொல்ல வேண்டியதை நாலு வாக்கியத்தில் சொன்னார். மாத்திரையின் பெயரையும் சொன்னார்.

டாக்டரம்மா முத்திரையைப் பிரித்து, பெட்டிக்குள் சூடு ஏறவில்லை என்று பார்த்து, ஒரே ஒரு பையை மட்டும் எடுத்துத் தனியே வைத்தாள். மற்றவையெல்லாம் நன்றாகவே இருந்தன. ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஏழரைக்கு முன்பே வேன் கிளம்பிவிட்டது.

ஓதில் கரண்டியோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

“என் பொண்ணு பேரைக் கேட்டப்புறமும் வாயத் தொறக்கத் தோணலையா?”

“வெக்கமா இருந்துச்சு.”

“எதுக்கு?”

“முடிக்கு” என்றார் லெயோன்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. மேயர் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். ஒவ்வொருத்தராக மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வெளியேறினார்கள். மொபெட் என்று முணுமுணுத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்தான் முதலில் போனார்.

முற்றத்தில் டிலான் தரையில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். சோலேன் குனிந்து ரம்பச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தாள். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடு என்றாள். ஆலை முதலாளியிடம் காலையில் தானே போய் நடந்ததைச் சொல்வதாகவும் சொன்னாள். அவன் பரவாயில்லை என்றான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். ஆனால் கிளப்பவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா மேடம்?”

“கேளு.”

“நாளைக்கு இந்த ஊர்ல வேற எதாச்சும் காணாமப் போனா, முதல்ல யாரு வண்டியத் தொறப்பீங்க?”

உன்னுடையதை இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பொய் சொன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.